வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் ஜெயப்பிரகாஷ்

ஆம்பூர்
18-10-2004

கர்த்தருக்குள் பிரியமான மகன் ஜோவினுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் அவர் கிருபையால் நாளைத் தள்ளுகிறோம், அங்கே நீ சுகமாயிருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் முழங்காலில் நிற்கிறோம். அப்பாவுக்கு மழை வந்தால் முட்டிவலி ஜாஸ்தியாகிவிடுகிறது, தைலம் தேய்த்தாலும் கத்துகிறார், தேய்க்காவிட்டாலும் கத்துகிறார். உன் தங்கை அக்சாவுக்கு இந்த மாதம் முழுக்க நைட் டியூட்டி, ஆஸ்பத்திரி ஹாஸ்டல் சாப்பாட்டில் பாதியாக இளைத்துப்போயிருக்கிறாள். பாலாற்றில் தண்ணீர் இல்லை, வந்தால் மட்டும் குடிக்கவா முடியும். நேற்று போனில் எல்லாம் சொன்னாயே அம்மா, லெட்டர் எதற்கு என்று கேட்பாய். போனில் உன் குரலைக் கேட்டால் எனக்கு வாய் வராத விஷயம் இது, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

ஜோவின், இதை நின்றுகொண்டு படிக்காதே, ஓரிடத்தில் உட்கார்ந்துகொள். உன் சிநேகிதன் ஜெயப்பிரகாஷ் இப்போது இல்லையப்பா. ஜூன் மாதமே போய்விட்டான். அவன் வேலை செய்த தோல் பதனிடும் ஷாப்பில் கழிவுத்தண்ணீர்த் தொட்டி அடைத்துக்கொண்டதாம், இறங்கியவன் ஒருவன் மேலே வரவில்லை, அவனைத் தூக்க இவன் இறங்கியிருக்கிறான். இரண்டு பேரையும் வாயு அடித்துவிட்டது. வெளியே எடுக்கும்போதே மூச்சு இல்லை. தொட்டிக்குப் புது மூடி போட்டுவிட்டார்கள், வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்குச் சாவு சொல்லக்கூடாது, லீவில் வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்பது நம் தெருவில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். உன் பாஸ்போர்ட் முதலாளி கையில் இருக்கிறது, இரண்டு வருஷம் முடியாமல் விட மாட்டான், சொல்லி என்ன ஆகப்போகிறது, ஒரு மூலையில் உட்கார்ந்து தனியாக அழுவாய் என்று அப்பாவும் சொன்னார். அவன் அம்மா கெங்கம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, சொல்லாதக்கா, ஒர்த்தன் மனசுலயாவது எம்புள்ள நடமாடிக்கினு இருக்கட்டும் என்று அழுதாள். அதற்குமேல் யாருக்குச் சொல்ல வாய் வரும்?

ஆனால் நீயும் ஜெயப்பிரகாஷும் நயீமும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கம்ப்யூட்டரில் ஆடுவீர்களே, ஒருவன் வார்த்தையை மனதில் வைத்துக்கொண்டு கோடு போடுவதும் மற்றவர்கள் ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டுக் கண்டுபிடிப்பதும், அதில் அவன் வராவிட்டால் நீ கேட்பாய் இல்லையா. நயீம் நம் ஊர் பிரவுசிங் சென்டரில்தானே வேலை செய்கிறான், ஜெயப்பிரகாஷின் பாஸ்வேர்டு அவனுக்குத் தெரியும், முதல் வாரம் அவனே இரண்டு ஆளாகவும் ஆடிப் பார்த்திருக்கிறான். முடியாமல் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்து, ஆண்டி, நீங்க ஷூ கம்பெனில டைப்பிங் பண்ணவங்க, ஜேபி எடத்துல நீங்க ஒக்காருங்க, எனுக்குக் கை வரல என்றான். ஜூன் கடைசியிலிருந்து ஜெயப்பிரகாஷ் என்ற பெயரில் உன்னோடு ஆடிக்கொண்டிருந்தது நான்தான். பெற்ற பிள்ளையை டேய் சோம்பேறி, டேய் திருடா என்று டைப் அடித்தேன். அவன் பட்டென்று கண்டுபிடிக்கிறவன், நான் தோற்றுக்கொண்டே இருந்தேன். சுண்ணாம்புத் தொட்டில மூளையப் போட்டுட்டியாடா என்று நீ ஒருநாள் கிண்டல் செய்தாய். கெங்கம்மாள் வாராவாரம் என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாள், அவளுக்குப் படிக்கத் தெரியாது, ஜோவினு இன்னா சொல்றான்க்கா என்றாள். சாப்டியான்னு கேக்குறான் என்றேன். அதற்கே அவள் முகம் தெளிந்துவிட்டது.

ஆட்டத்துக்கு நடுவே நீ அவனிடம் சொன்னதையெல்லாம் நான் படித்தேன். ஸ்டோர் கீப்பர் வேலை என்று எங்களிடம் சொன்னாய், அங்கே ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறாயாம், சோப்புத் தண்ணீரில் விரல் வெந்து தோல் உரிகிறதாம். அம்மாவுக்குத் தெரிய வேணாம்டா என்று அம்மாவிடமே சொன்னாய். அந்த இடத்தில் ஜெயப்பிரகாஷ் என்ன பதில் சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியவில்லை, சரிடா என்று மட்டும் அடித்தேன். வீட்டுக்கு வந்து இன்றுவரை அப்பாவிடம் சொல்லவில்லை. இத்தனையும் மூடி வைத்தவள்தான், ஆனால் போன வெள்ளிக்கிழமை நீ எழுதியதற்குப் பிறகு மூடி வைக்க முடியவில்லை. எப்படியாவது வந்துடறேன் ஜேபி, உன் தோல் ஷாப்பிலேயே எனக்கும் ஒரு வேலை பார்த்து வை, உன் பக்கத்தில் நின்றால் போதும் என்றாயே. நான் எழுந்து வெளியே போய்விட்டேன். கரண்ட் போய்விட்டது என்று நயீம் பொய் சொன்னான்.

திரும்பி வந்துவிடு என்று எழுதத்தான் எனக்கு ஆசை. எங்கே வரச் சொல்வேன்? அங்கே இருந்தால் கை போகிறது, இங்கே வந்தால் அந்தத் தொட்டி இருக்கிறது. ஜெபம் பண்ணுகிறேன், ஆனால் என்ன கேட்டு ஜெபிப்பது என்று தெரியாமல் சும்மா மண்டியிட்டு எழுந்துவிடுகிறேன். கைக்குத் தேங்காய் எண்ணெய் போடு, முடிந்தால் ரப்பர் கிளவுஸ் கேட்டு வாங்கு, அம்மாவால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். நயீமைத் திட்டாதே, அவன் உனக்காகத்தான் செய்தான். இனிமேல் எங்களிடம் ஸ்டோர் கீப்பர் என்று சொல்லாதே.

உனக்கு உண்மையை எழுதப்போகிறேன் என்று இன்று காலை கெங்கம்மாளிடம் போய்ச் சொன்னேன். நீ அந்த வேலைக்கு வருகிறேன் என்றதையும் சொன்னேன். அதற்கு அவள், லெட்டரு போய்ச் சேர பத்து நாளாவும்ல, அதுக்குள்ள ஒரு வெள்ளிக்கிழம இருக்குதே, அன்னிக்கு ஒருவாட்டி மட்டும் எம்புள்ள பேர்ல ஆடுக்கா, வார்த்தைய நான் சொல்றேன் என்றாள். அந்த வார்த்தையையும் சொன்னாள், சரி என்று வந்துவிட்டேன். ஆகவே இது உன் கைக்கு வரும்போது அந்த ஆட்டம் முடிந்திருக்கும், அவன் பெயரில் போட்ட கோடுகளை நிரப்பி, ‘வராதே’ என்ற வார்த்தையை நீ கண்டுபிடித்திருப்பாய், உதவி கேட்டால் இப்படியா சொல்வான் என்று இத்தனை நாளும் அவன்மேல் கோபமாக இருந்திருப்பாய். கோபப்படாதே கண்ணு. அதைச் சொன்னது அவனைப் பெற்றவள்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி தனியாக இருக்காதே. வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டரில் அவன் பெயர் இனிமேல் எரியாது, பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா
பொன்மலர்