ராணி ஆடிய வீடியோ

ஆவணி 5, வியாழன்

விடிந்ததிலிருந்தே புழுக்கம். மழை வருகிற மாதிரி மூடிவிட்டு ஏமாற்று. நம்ம பந்தல் கடைக்குச் சீரியல் லைட் வாங்கணும். கொள்ளு தீர்ந்துவிட்டது.

குதிரைக் கொட்டகையில் ராணிக்குத் தண்ணீர் வைத்தேன். வாளிப் பக்கம் திரும்பினவள் பின்னங்கால் பின்னிச் சுவரில் சாய்ந்துவிட்டாள். செல்வி பார்த்துவிட்டாள்.

"இப்பமாவது டாக்டரக் கூப்பிடுங்க. மதினி மவன் கல்யாணம் வரைக்கும் தாங்குமான்னு பாத்துக்கிட்டே இருப்பீங்களோ?"

கட்டின பெண்டாட்டிக்கு எப்படித்தான் தெரியுமோ. அக்கா மகன் ஊர்வலம் வரை தாங்கட்டும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோயிலில் புற்றுமண் எடுத்துவந்து குழைத்து ராணி இடுப்பில் பூசினேன். உண்டியலில் போட வெள்ளித் தகட்டில் கால் கேட்டேன். கடைக்காரர், "மனுசக் கால்தான் இருக்கு அண்ணாச்சி. குதிரைக்குன்னு சாமிக்குத் தெரியாதாக்கும்!" என்றார். வாங்கிப் போட்டேன்.

ஆவணி 6, வெள்ளி

கால்நடை டாக்டரம்மா வந்தார். சின்ன வயசு. ராணி நடக்கும்போதே வாலைப் பிடித்து ஒரு பக்கமாக இழுத்தார். நல்ல குதிரை எதிர்த்து நிற்குமாம். இவள் இழுத்த பக்கமெல்லாம் போனாள். சின்ன வட்டமாகச் சுற்றவைத்தார், கால் பின்னியது. பின்னுக்கு நடத்தினார், உட்காரப் பார்த்தாள்.

"கால்ல கோளாறு இல்ல. நரம்புலன்னு சந்தேகப்படுதேன்."

பக்கத்துத் தொழுவத்தைக் காட்டினார். மாட்டில் இருக்கிற புழு கொசு வழியாகக் குதிரைக்கு ஏறித் தண்டுவடத்துக்குப் போவது உண்டாம். வேறு நோயாகவும் இருக்கலாம். ரத்தம் எடுத்துக்கொண்டார். ஊசி.

"எப்ப இருந்து இப்படி?"

"நாலு நாளா, டாக்டர்."

சொல்லிவிட்டேன். செல்வி ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"அப்ப மருந்து கேக்கும். ரொம்ப நாளாயிருந்தாத்தான் கஷ்டம். யாரையும் மேல ஏத்தாதீங்க. முன்னாடி எப்படி நடந்துச்சுன்னு வீடியோ இருந்தா அனுப்புங்க."

இருக்கிறது. ஊரே பார்த்த வீடியோ.

ஆவணி 8, ஞாயிறு

குருவிகுளத்திலிருந்து அக்கா போன்.

"ஏலே, தாய்மாமன் குதிரைன்னு எல்லார்ட்டயும் சொல்லியாச்சி. உம் மருமவன் அதுலதான் வருவேன்னு நிக்கான். ஆட்டக்குதிரைலா!"

ஆட்டக்குதிரை. ஆனி மாதம் ஒரு கல்யாண ஊர்வலத்தில் வந்த பெயர். மேளம் ஏற ஏற, மாப்பிள்ளையைச் சுமந்து வந்த ராணியின் இடுப்பு இரண்டு பக்கமும் அசைந்தது. கூட்டத்தில் ஒரே விசில். தவில்காரர் அவளைப் பார்த்துப் பார்த்து அடித்தார். நான் அவளுக்கு ஆட்டமே பழக்கவில்லை. என்னவோ சரியில்லை என்று அங்கேயே தெரியும். ஆனாலும் "பழக்குனது யாரு வே?" என்று ஒருவர் கேட்டதும் மீசையைத் தடவிக்கொண்டு "நாமதான்" என்றேன். சே! நினைத்தாலே உடம்பு கூசுகிறது.

"குதிரை வராதுக்கா. அதுக்கு நோவு. கார் வச்சிக்கிடுங்க."

"ஆனியில நல்லாத்தானலே ஆடிச்சி?"

"ஆடலக்கா. அப்பமே நோவுதான்."



"தெரிஞ்சிக்கிட்டா ஒரு பிள்ளைய மேல ஏத்துன?"

போனை வைத்துவிட்டேன்.

ஆவணி 9, திங்கள்

நல்ல காற்று. தகரம் படபடவென்று அடிக்கிறது.

டாக்டரம்மா போன். ரத்தத்தில் ஒன்றும் தெரியவில்லையாம். "நாலு நாள்தானா? இடுப்புச் சதை வத்திப் போயிருக்கே" என்றார். வீடியோவை மறுபடி கேட்டார்.

வேறு வீடியோ கிடையாது. போட்டுப் பார்த்தேன். பட்டுச்சட்டையும் தலைப்பாகையுமாக ராணிக்குப் பின்னால் நான். லைட் வெளிச்சம் அடித்ததில் என் முகம் தெரியவில்லை. அவள் அசைவு நிற்கும்போதெல்லாம் என் கையிலிருக்கிற கம்பால் ஒரு தட்டு. இது எனக்கு மறந்தே போயிருந்தது. இல்லை, மறக்கவில்லை.

அனுப்பினேன். 'ஆனியிலிருந்தே இப்படித்தான் டாக்டர். பொய் சொல்லிவிட்டேன்' என்று கீழே எழுதினேன்.

பதில் வந்தது. 'இப்பவாவது சொன்னீங்களே. மருந்து மாத்தணும், நாளைக்கு வாரேன். பாவம், கீழ விழாம இருக்க என்ன பாடு படுது பாருங்க. பின்னால நின்னு கம்பால தட்டுதாம்லா, அந்த ஆள இனிமே குதிரை பக்கமே விடாதீங்க.'

ராணிக்குத் தண்ணீர் வைக்கிற நேரம். என் செருப்புச் சத்தம் கேட்டதும் கனைத்தாள். வாளியைச் செல்வியிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.