ஐந்து மணி நேரத் தாமதம்

செவ்வாய்க் கோள், வடக்கு நிலையம். நாள் 211. காலை.
பதிவு: எஸ்தர் நவமணி, கால்நடை அறுவை மருத்துவர்.

ஆடுகள் எல்லாம் நலம். பால் வழக்கம்போல. கிடா ஒன்றுக்கு முதுகெலும்பு ஸ்கேன் எடுத்தேன். குறைந்த ஈர்ப்பில் எலும்பு தேய்கிறது. இன்னொரு கட்டுரைக்கு ஆகும்.

இதுவரை அறுபத்திரண்டு கட்டுரைகள். எல்லாம் நாய், ஆடு, மாடு. மனித முதுகெலும்பு இதழ்களுக்கு அனுப்பியபோதெல்லாம் ஒரே பதில்தான்: "கால்நடை இதழ் எதற்காவது அனுப்பவும்."

நிலைய மருத்துவர் பரூக் தெற்கு முகாமில் இருக்கிறார். திரும்ப மூன்று நாளாகும்.

நாள் 212. காலை 10:40.

துளையிடும் இயந்திரத்தின் இரும்புக்கை முறிந்து மெக்கானிக் இசக்கிராஜ் முதுகில் விழுந்தது. தலைக்கவச ரேடியோவில் அவன் குரல்:

"டாக்டரக்கா, வலி பெருசா இல்ல. ஆனா காலு எங்க கெடக்குன்னே தெரியல."

உள்ளே கொண்டுவந்து ஸ்கேன் எடுத்தோம். உடைந்த எலும்புத் துண்டு ஒன்று தண்டுவடத்தை அழுத்துகிறது. வலது கால் பெருவிரல் லேசாக அசைகிறது. நம்பிக்கை இருக்கிறது.

ரேடியோவில் பரூக்: "எஸ்தர், நான் வர்ற வரைக்கும் தாங்காது. நீங்களே திறந்துடுங்க. உடனே."

அறை தயார். கருவிகள் தயார்.

அதே நாள். பிற்பகல் 1:15.

இன்னும் தொடங்கவில்லை.

பூமிக்கு வெளியே மனிதருக்கு நடக்கும் முதல் முதுகெலும்பு அறுவை இது. உயிர் காக்க யார் அனுமதியும் தேவையில்லை. ஆனால் பூமியிலுள்ள நெறிமுறைக் குழுவின் முன் அனுமதி இல்லாமல் எந்த இதழும் வெளியிடாது. கேட்டு அனுப்பியிருக்கிறேன். குழு இன்னும் கூடவில்லையாம்.

அவனிடம், இன்னொரு தடவை ஸ்கேன் பார்க்க வேண்டும் என்று சொன்னேன்.

"பாத்துச் செய்யுங்கக்கா. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

தண்டுவடம் நசுங்கிய நாய்களைப் பற்றி நான் எழுதியதைத்தான் மற்றவர்கள் அதிகம் மேற்கோள் காட்டுகிறார்கள். தாமதிக்கிற ஒவ்வொரு மணிக்கும் கால்கள் திரும்பும் வாய்ப்பு குறைகிறது. நிரூபித்தது நான்தான்.

இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம்.

அதே நாள். இரவு 7:30.

நாலு மணிக்கு அனுமதி வந்தது. எலும்புத் துண்டை எடுத்தேன். கை நடுங்கவே இல்லை. கேமராவில் எல்லாம் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது.

காலையில் அசைந்த விரல் இப்போது அசையவில்லை.

நாள் 230.

கால்களில் உணர்வில்லை. வீடியோவைப் பார்த்த பரூக், "இவ்ளோ சுத்தமா நானே பண்ணியிருக்க மாட்டேன்" என்றார். பிறகு, ஏன் அவ்வளவு தாமதம் என்று கேட்டார்.

"பூமியில ஒரு ஸ்பெஷலிஸ்ட்கிட்ட கேட்டுட்டுத் தொடங்கலாம்னு பாத்தேன். சிக்னல் கிடைக்கல."

யோசிக்கவே இல்லை. வாயில் தயாராக இருந்தது. அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். கட்டுரையிலும் அதையே எழுதினேன்: தொடர்புத் தடங்கலால் ஐந்து மணி நேரத் தாமதம்.

நாள் 274.

பூமியிலிருந்து செய்தி: "தங்கள் கட்டுரை ஏற்கப்பட்டது. ஆசிரியர் குழுவின் வாழ்த்துகள்."

மனித முதுகெலும்பு இதழ். நிலையம் முழுக்கக் கை தட்டினார்கள். இசக்கிராஜும் சக்கர நாற்காலியில் இருந்தபடி தட்டினான். ஆட்டுப் பட்டிக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன்.

தாமதத்தைப் பற்றிய அந்த ஒரு வரியைத் திருத்தி எழுதினேன். உண்மையை. அனுப்பவில்லை.

நாள் 275.

இசக்கிராஜ் கட்டுரையை வாசித்துக் காட்டச் சொன்னான். தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். தாமதம் என்ற இடத்தில், தொடர்புத் தடங்கல் என்பதையும் அப்படியே சொன்னேன்.

"சிக்னல் வருமா வருமான்னு எவ்ளோ தவிச்சிருப்பீங்க. நான் பாட்டுக்கு மரக்கட்டை மாதிரி கெடந்தேன். பாவம்க்கா நீங்க."

சொல்லிவிட வாயைத் திறந்தேன். அதற்குள் அவன், "ஊருக்குப் போனா இன்னொரு ஆபரேசன் பண்ணிப் பாக்கலாம்ங்காங்க. நீங்கதான் பண்ணணும்னு சொல்லிட்டேன். வேற யாரையும் தொட விட மாட்டேன்" என்றான்.

"சரி இசக்கி. நானே பண்றேன்."

அப்படிச் சொல்லும்போதே மனதுக்குள் ஒரு தலைப்பு ஓடியது. ஒரே நோயாளி, இரு கோள்கள், இரண்டாம் கட்ட அறுவை.

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். நான் அந்தத் தலைப்பை ஆங்கிலத்தில் எப்படி எழுதலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.