மேளம் இல்லாத மூன்றாவது பாட்டு

வெம்பக்கோட்டை
4.6.2025

அன்புத் தங்கச்சி பாண்டிமீனாவுக்கு,

இங்கன எல்லாரும் சுகம். போனில் பேசினால் ஏசிப்புடுவேன், அதனால்தான் கடிதம்.

நம் மேள செட்டை விட்டுவிட்டு விருதுநகரில் ரூம் எடுத்துத் தனியாக நெட்டில் பாட்டுப் போடுகிறாய். முதல் பாட்டில் உறுமியும் தவிலும் இருந்தன, ஊரே கேட்டது. இரண்டாவதில் உறுமி மட்டும் முனகியது, பொறுத்துக்கொண்டேன். மூன்றாவது அம்மாவுக்கு ஒப்பாரியாமே, மேளமே கிடையாதாமே? அம்மா போய் ஆறு வருஷமாச்சு, இப்போது சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக் கூடாதென்று உனக்குத் தெரியாதா? உன் மதினிக்கு இது ஏழாம் மாதம். நான் வேலை பார்க்கிற பட்டாசுக் கம்பெனி போர்மேன் கூப்பிட்டு, "ஏலே, ஒந் தங்கச்சி கம்பெனி பேரைக் கெடுக்கப் போறாளாம்லே" என்கிறார். அந்தப் பாட்டை வெளியே விடாதே. ஆடியில் இருக்கன்குடிக் கோயிலுக்கு நம் செட்டோடு பாட வந்து சேர்.

உன் அண்ணன்
சிவபாண்டி

விருதுநகர்
11.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

மதினியைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பாட்டை நிறுத்த மாட்டேன்.

சாவு விழாத வீடா அது? நீங்கள் வேலை பார்க்கிற அதே கம்பெனி வெடித்து அம்மாவைப் பொட்டலமாகக் கொண்டுவந்த அன்று, "ஆளு கூடுனா பிரச்சனையாகும், சீக்கிரம் எடுங்க" என்றார்கள் கம்பெனிக்காரர்கள். பெண்கள் ஒப்பாரி வைக்கத் தோளைப் பிடித்து உட்கார்ந்ததும், "ஒருத்தரும் வாயைத் தொறக்கப்படாது" என்று அதட்டியது யார்? நீங்கள்தான். ஆறு வருஷமாக அந்தப் பாட்டு என் தொண்டையில் கிடக்கிறது.

உறுமியோடு பாடினால் சாமிதான் வருகிறது, அம்மா வரவில்லை. அவள் வாசலில் உட்கார்ந்து வெடிக்குழாய்க்குக் காகிதம் உருட்டுவாளே, அதே மாதிரி நானே உருட்டி, அந்தச் சத்தத்தைப் பதிந்து, அதற்கு மேல் பாடினேன். வந்துவிட்டாள். கம்பெனி பேரையும் சொல்லியிருக்கிறேன். இருபதாம் தேதி வெளியே விடுகிறேன். பிடிக்காவிட்டால் கேட்காதீர்கள். இனி நான் எந்தச் செட்டுக்கும் வருவதாக இல்லை.

உங்கள் தங்கை
பாண்டிமீனா

வெம்பக்கோட்டை
22.6.2025

தங்கச்சிக்கு,

கோபத்தோடுதான் கேட்க ஆரம்பித்தேன். பாதியில் மாடத்தி அத்தை வாசலில் வந்து உட்கார்ந்தாள். பிறகு தெருப் பெண்கள் எல்லாரும் வந்தார்கள். போனை நடுவில் வைத்து, தோளைப் பிடித்துக்கொண்டு உன்னோடு சேர்ந்து அழுதார்கள். அம்மா போன அன்றைக்கு, வேலை போய்விடுமே என்று பயந்துதான் அதட்டினேன். அது பெரிய தப்பு.

போர்மேன் வண்டியை நிறுத்தி, "அதை ஆப் பண்ணுலே" என்றார். "சாவு வீட்டுக்கு வந்திருக்கீக, ஒக்காந்துட்டுப் போங்க" என்றேன். நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்றார். சரி என்றுவிட்டேன்.

பாட்டு முடிந்ததும் எல்லாரும் தலைமுழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் போனோம்.

சிவபாண்டி