ரோஸ்லின் சொல்லாத ஏழு நாள்

அன்பு மகள் பிரையனிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். அபர்டீனில் குளிர் தொடங்கியிருக்கும், நீயும் சுகமாகத்தான் இருப்பாய் என்று நம்பிக்கொண்டே எழுதுகிறேன். வழக்கமாக முதல் வரியிலேயே சாப்பாடு, தூக்கம், வேலை என்று வரிசையாகக் கேள்வி கேட்கிற மனுஷன் இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லையே என்று உனக்குத் தோன்றும், காரணம் கீழே வருகிறது. போனில் பேசினால் என் வாய் சும்மா இருக்காது, அதனால்தான் மெனக்கெட்டுக் கையால் எழுதுகிறேன். அம்மாவின் முழங்கால் இப்போது தேவலை. இங்கே மழை விட்டபாடில்லை, உருளைக்கிழங்கு நடவு தள்ளிக்கொண்டே போகிறது, நம் நாய் பக்கத்து வீட்டுக் கோழியைத் துரத்திவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி வாசலில் படுத்திருக்கிறது.

நம் ஊர் மேயர் தேர்தல் உனக்குத் தெரியும். வாக்குச்சீட்டு தபாலில் வந்து எல்லார் வீட்டுச் சமையலறையிலும் கிடக்கிறது, நிரப்பி அனுப்ப இன்னும் பத்து நாள் இருக்கிறது. இப்போதைய மேயர் நெவில் ஸ்ட்ரட் ஒரு பக்கம், உன் பழைய டீச்சர் ரோஸ்லின் பர்டெட் இன்னொரு பக்கம். நீ அங்கிருந்தே நம் பத்திரிகையை இணையத்தில் படிக்கிறவள், போன வார வியாழக்கிழமைத் தலைப்பைப் பார்த்திருப்பாய். அந்தத் தலைப்பைப் போட்டது நான்தான். அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், மூன்று தாளைக் கிழித்துப் போட்டாயிற்று.

ஃபுட்பால் கிளப் ஹாலில் வேட்பாளர் கூட்டம், கேள்வி கேட்பவன் நான். மணியும் மைக்கும் என் கையில். பெண்கள் சங்கம் சுட்டுக் கொண்டுவந்த பூசணி ஸ்கோன் பலகாரம் மேசையில். என் கொள்கை உனக்குத்தான் தெரியுமே, ஊர்ப் பொறுப்பு கேட்டு வருகிறவர் ஊர் கேட்கிற எதற்கும் பதில் சொல்ல வேண்டும், வீட்டு விஷயம் என்று கதவைச் சாத்தக் கூடாது. நெவிலிடம் அவர் குடித்துவிட்டு வண்டி ஓட்டிய பழைய வழக்கைக் கேட்டேன். அவர் கூசவே இல்லை. ஆமா, குடிச்சேன், லைசென்ஸ் போச்சு, ஆறு மாசம் என் பொண்டாட்டி வண்டி ஓட்ட நான் பக்கத்துல உக்காந்து வந்தேன், அதைவிடப் பெரிய தண்டனை கோர்ட்டுல கிடையாதுன்னார். ஹாலே சிரித்துக் கைதட்டியது. அடுத்தது ரோஸ்லின். பதினொரு வருஷத்துக்கு முன்னால், பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரத்தில், உடம்பு சரியில்லை என்று ஏழு நாள் லீவு போட்டுவிட்டு, கடல் தாண்டி மெல்பர்ன் போகிற கப்பலில் ஏறினாள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. யாரோ ஒருத்தனோடு என்றும் வால் ஒட்டிவிட்டார்கள், அப்போது அவள் புருஷன் உயிரோடு இருந்தார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. அந்த ஏழு நாள் எங்கே இருந்தீர்கள் என்று நேராகவே கேட்டேன். லீவு போட்டது பொய்தான், அதுக்கு என்ன திட்டணுமோ திட்டிக்கோங்க என்றாள். எங்கே என்று மறுபடி கேட்டேன்.

"அந்த ஏழு நாள் எனக்கு மட்டும் சொந்தமில்ல வாரன். அதனால சொல்ல மாட்டேன்" என்றாள்.

எனக்கு நாக்கு அரித்தது. அப்போ இன்னொரு பங்காளி யாரும்மா என்று மைக்கில் கேட்டேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. வியாழக்கிழமை 'ஏழு நாள் எங்கே?' என்று பெரிய எழுத்தில் போட்டேன். அன்றிலிருந்து அவள் பேரைச் சொன்னாலே பேக்கரியில் கண்ணடிக்கிறார்கள், அவள் படம் வைத்திருந்த நாலு கடைக்காரர்கள் எடுத்துவிட்டார்கள்.

அம்மா அந்தப் பேப்பரைப் படித்துவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் டீ ஊற்றிக்கொண்டிருந்தவள் கெட்டிலைக் கீழே வைத்தாள். "நீங்க கேட்ட ஏழு நாளும் அவ நம்ம பொண்ணு கட்டில் பக்கத்துல உக்காந்திருந்தா. அதுக்கு மேல ஒரு வார்த்தை கேக்காதீங்க" என்றாள். உனக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேனே என்று அவள் அழுதாள், அவளைக் கோபித்துக்கொள்ளாதே, என் பேப்பர்தான் அவளைப் பேச வைத்தது. இன்னும் ஒன்று சொன்னாள். அப்போது வீட்டுக்குப் போன் செய்ய நீ ரெண்டு தடவை ரிசீவரை எடுத்துத் திரும்ப வைத்துவிட்டாயாம், அப்பா எடுத்தால் கேள்வி மேல கேள்வி கேப்பாரு, எனக்குப் பதில் சொல்லத் தெம்பு இல்ல என்று டீச்சரைக் கூப்பிட்டாயாம். பத்தொன்பது வயதில் மெல்பர்னில் தனியாகக் கிடந்த பிள்ளை அப்பனைக் கூப்பிடப் பயந்திருக்கிறாள். அதைக் கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ரோஸ்லின் வீட்டுக்குப் போனேன். பூட்ஸில் சேறோடு தோட்டத்தில் நின்றிருந்தாள். மன்னிப்புக் கேட்டேன். நீங்க கேட்டது உங்க வேலை, சொல்லாதது என் வேலை, உள்ள வந்து டீ குடிங்க என்றாள். உனக்கு ஒன்று மட்டும் சொல்லச் சொன்னாள். பாவம், நமக்காக டீச்சர் தோற்கப் போறாங்களேன்னு அவ பதறி ஊருக்கு எதையும் சொல்லக் கூடாது, வோட்டு வரும் போகும் என்றாள். நானும் அதையேதான் சொல்கிறேன். நீ யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம், எனக்கும் வேண்டாம்.

கேட்டது தப்பா என்று தினமும் யோசிக்கிறேன். முழுக்கத் தப்பு என்று சொல்ல இன்னமும் வாய் வரவில்லை, லீவு ஊர்ப் பள்ளிக்கூடத்து லீவு, அதைக் கேட்கலாம். ஆனால் சொல்ல மாட்டேன் என்றவளைக் கேலி செய்ததும், அவள் மௌனத்தையே குற்றம் மாதிரி அச்சடித்ததும் ஈனத்தனம். ஒருத்தர் வீட்டு விஷயத்தில் இன்னொரு வீட்டுப் பிள்ளையும் இருக்கும் என்று நாற்பது வருஷம் பேப்பர் நடத்தியவனுக்குத் தோன்றவில்லை பார். இந்த வாரம் முதல் பக்கத்தில், அதே பெரிய எழுத்தில், பத்திரிகை ஆசிரியர் ரோஸ்லின் பர்டெட்டிடம் மன்னிப்புக் கேட்கிறார் என்று போட்டுவிட்டேன். காரணம் போடவில்லை. இன்று பேக்கரியில் நெவிலே வந்து தோளில் கை போட்டு, என்னய்யா வாரன், அப்படி என்னதான் தெரிஞ்சுது, எனக்கு மட்டும் சொல்லு என்றார். கடையே காது கொடுத்துக் கேட்டது. அது எனக்கு மட்டும் சொந்தமில்ல நெவில் என்றேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவள் ஜெயிப்பாளா தெரியாது, ஏற்கெனவே தபாலில் போன வோட்டு போனதுதான். எங்கள் இரண்டு சீட்டும் அவளுக்கே போட்டு இன்று தபாலில் சேர்த்தாயிற்று.

அம்மா பின்னிய கம்பளிக் காலுறை தனிப் பொட்டலமாக வருகிறது, பெட்டியில் பூட்டி வைக்காமல் போட்டுக்கொள். டீச்சருக்கு எழுதத் தோன்றினால் எழுது. எந்த ஊரில் இருந்தாலும் நோய்நொடி இல்லாமல், மனசு நிறைந்து, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், அதுதான் எங்கள் இருவரின் ஆசீர்வாதம். ஒன்றை மட்டும் மறக்காதே. என்றைக்காவது மறுபடி அப்படி ஒரு நாள் வந்தால் வீட்டுக்கே போன் செய். நான் எடுத்தால் எங்கே வரணும் என்று மட்டும் கேட்பேன். அந்த ஒரு கேள்வியை அப்பாவுக்கு விட்டுவிடு.

உன் அப்பா,
வாரன்