சம்பளத்துக்கு ஓட்டியவன்

மந்தாரக்குப்பம், நெய்வேலி
ஆடி மாதம், 1964

மகன் சின்னதுரைக்கு,

உன் தம்பி தனகோட்டிக்குச் சம்பளம் பேசிவிட்டவன் நீ. அது உனக்கு மறக்கவில்லை, மறந்ததுபோல இருக்கிறாய். இங்கே எனக்கும் உன் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, பிலாயில் நீயும் ருக்குமணியும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும். அம்மாவுக்கு மூட்டுவலி தேவலாம். கூரை மாற்றியாகிவிட்டது. ஆனால் எனக்குத்தான் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை.

சேத்தியாத்தோப்பு ரோட்டில் தம்பி ஓட்டிய ஜீப் மோதி, புல்லுக்கட்டோடு வந்த அமிர்தத்துக்குக் கால் ஒடிந்ததை எழுதியிருந்தேன். அவள் ஓரமாகத்தான் வந்தாள், தப்பு என்னுதுதான் என்று தம்பியே சொல்கிறான். நஷ்டஈடு வண்டியின் சொந்தக்காரர்தான் கொடுக்க வேண்டும். ஆனால் கான்ட்ராக்டர் சடையப்பன், அவன் என் டிரைவரே இல்லை, வூட்டுப் பையன் மாதிரி சுத்திக்கினு இருந்தான், என்னைக் கேக்காம வண்டிய எடுத்துக்கினு போயிட்டான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். தம்பி லைசென்சில் சம்பளத்துக்கு ஓட்டலாம் என்று தனியாக எழுதி முத்திரை போடவில்லை. அது இல்லாமல் சும்மா ஓட்டலாம், சம்பளம் வாங்கி ஓட்டினால் குற்றம், ஓட்டச் சொன்னவருக்கும் குற்றம். அதை வாங்கிக் குடுங்க முதலாளி என்று தம்பி கேட்டபோதெல்லாம், வூட்டுப் பையனுக்கு எதுக்குடா அதெல்லாம் என்று தோளில் தட்டினார். அந்தத் தட்டலில் நானும்தான் மயங்கினேன். நம்ம தெருவில் பிறந்தவனை ஊர்த்தெருவில் ஒருவர் வூட்டுப் பையன் என்றாரே என்று ஷிப்டில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டு திரிந்தேன். வூட்டுப் பையனுக்குச் சோறு போட்டது மாட்டுக்கொட்டகைப் பக்கம், அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டபோது சடையப்பன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் கான்ட்ராக்டில்தான் எனக்கும் வேலை. ஆமாங்க, வூட்டுப் பையன்தாங்க, சம்பளமெல்லாம் கெடையாதுங்க என்று சொல்லிவிட்டேன். அப்போ சொத்துலயும் பங்கு உண்டாய்யா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். போலீஸ்காரர்கள் சிரித்தார்கள், சடையப்பன் சிரித்தார், நானும் சிரித்தேனடா. தம்பி சிரிக்கவில்லை. வெளியே வந்து, அப்ப இத்தினி நாளா நான் யாருப்பா என்று கேட்டான். அம்மா ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோனாள். அமிர்தம் வாயாடி, உனக்குத் தெரியும். ஏன்டி மாணிக்கம், ஒம்புள்ள சும்மா ஓட்டினான்னா என் காலும் சும்மாதான் ஒடிஞ்சுதா, அதுக்கு லைசென்சு பாத்து வலிக்கத் தெரியலியே என்றாளாம். அன்றிலிருந்து உன் அம்மா எனக்குச் சோறு வைக்கிறாள், பேசுவதில்லை.

தம்பி உண்மையைச் சொல்லத் தயார், லைசென்சு போனாலும் ஜெயிலே ஆனாலும் சரி என்கிறான். நானும் தயார், வேலை போனால் போகட்டும். ஆனால் ஒரு தடவை பொய் சொன்னவன் பேச்சு கோர்ட்டில் எடுபடாது, பையன் பேச்சும் தனியாக நிற்காது என்கிறார் அமிர்தத்தின் வக்கீல். சடையப்பன் வாசலில் நின்று, மாசச் சம்பளம், மதியச் சோறு, தீபாவளிக்கு வேட்டி என்று பேசி முடித்தவன் நீ ஒருத்தன்தான். வந்து சாட்சி சொல் என்று இரண்டு கடிதம் போட்டேன். அங்கே நல்ல மழை என்று பதில் எழுதுகிறாய். ருக்குமணியின் தம்பிக்கு சடையப்பன் வேலை தருவதாகச் சொல்லியிருப்பது எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. நான் பயந்து சொன்னேன். நீ பயப்பட வேண்டிய இடத்தில் இல்லை, அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டும் வாயை மூடியிருக்கிறாய். எது கேவலம் என்று எனக்கே தெரியவில்லை.

பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தங்கள், நோய்நொடி இல்லாமல் வளரட்டும். ருக்குமணியை வெந்நீர் வைத்துக் குடிக்கச் சொல். நீயும் மகராசனாக இரு. கேஸ் ஆவணிக் கடைசியில் வருகிறது, லீவுக்கு இப்போதே எழுதிப் போடு. வந்து கூண்டில் ஏறி, என் தம்பி சம்பளத்துக்குத்தான் ஓட்டினான், பேசிவிட்டவன் நான் என்று சொல். வருவாயா, மாட்டாயா? மழையைப் பற்றி வேண்டாம், இதற்கு மட்டும் பதில் எழுது.

உன் அப்பன்
சாமிக்கண்ணு