டிஷ் கம்பத்தில் கட்டிய கொடிக்கயிறு

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். நீயும் சுகம் என்று நம்புவதை மட்டும் நேற்றோடு நிறுத்திவிட்டேன், காரணம் பின்னால் வருகிறது.

போன ஞாயிறு டிவியில் கால்பந்து இறுதி ஆட்டம், கடைசி உதை. ஆள் ஓடி வருகிறான், காலைத் தூக்குகிறான், படம் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றுவிட்டது. வெளியே வெறும் தூறல்தான். பக்கத்து வீட்டில் கைதட்டல், யார் ஜெயித்தது என்று போய்க் கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை. டிஷ் பெட்டியை நாலு தட்டு தட்டினேன். தட்டினா முழிச்சுக்க அது என்ன நீங்களா என்றாள் உன் அம்மா. மறுநாள் மெக்கானிக் மாடிக்கு ஏறிய வேகத்தில் இறங்கி, டிஷ் கம்பத்துல கொடிக்கயிறு கட்டின மகராசன் யாரு சார் என்றார். வேறு யார், நான்தான். ஈரப் போர்வைகள் இழுத்து இழுத்து டிஷ் ஒரு விரற்கடை சாய்ந்துவிட்டதாம், அதுவும் ஆறு மாதமாக!

அதுவரை படம் கண்ணாடி மாதிரி இருந்ததே என்று சண்டைக்கே போய்விட்டேன். வழியில் கெட்டுப்போவதைச் சரிசெய்துகொள்ள, அனுப்பும்போதே கூடுதலாகக் கொஞ்சம் தகவலும் சேர்த்து அனுப்புகிறார்களாம். அதை வைத்துப் பெட்டி தப்பையெல்லாம் திருத்தி நல்ல படமாகவே காட்டுமாம். முடியிற வரைக்கும் மூச்சு விடாது சார், முடியலன்னா மொத்தமா படுத்துடும் என்றார். என்ன அநியாயம்! நம் பழைய டிவி எவ்வளவோ யோக்கியன், சிக்னல் குறைந்தால் முதல் நாளே புள்ளி புள்ளியாக இரைந்து சொல்லிவிடும். புதுப்பெட்டியிலும் சிக்னலின் தரம் காட்டும் கோடு உள்ளே இருக்கிறதாம், திறந்து பார்க்காதது என் தப்பு.

பெட்டிக்குத்தான் புத்தியில்லை, உனக்கு எங்கே போயிற்று? நேற்று உன் போனை எடுத்த அறைத்தோழன், குளிக்கிறான் அங்கிள், மாவுக்கட்டு நனையக்கூடாதுல்ல, லேட்டாகும் என்று உளறிவிட்டான். கால் முறிந்து மூன்று வாரமாம்! மூன்று ஞாயிறும் சூப்பரா இருக்கேம்பா என்றாயே, எங்களுக்கு நல்ல படம் காட்டச் சொல்லி உன்னை யாரடா கேட்டது? புள்ளி புள்ளியாக இருந்தாலும் உள்ளதைக் காட்டு, பார்த்துக்கொள்கிறோம்.

அவனுக்கு என்னவாம் என்று அம்மா நேற்றிலிருந்து கேட்கிறாள். ஒன்றுமில்லை என்று நானும் பெட்டி வேலைதான் பார்க்கிறேன், ஒரு நாளிலேயே வேர்த்துவிட்டது. கால் சீக்கிரம் கூடி நீ நன்றாக நடக்க வேண்டும், நூறு வயது இருக்க வேண்டும். காலை ஊன்றாதே. கடிதம் கண்டதும் அம்மாவுக்கு நீயே போன் செய். நான் படுத்துவிடுவதற்குள்.

இப்படிக்கு,
கொடிக்கயிற்றை இன்னும் அவிழ்க்காத
உன் அப்பா