சுரங்க ஃபேனுக்கு ஒரு டிரைவ்

எங்கள் அலுவலகத்தின் பின்சந்தில் கன்வேயர் பெல்ட் ஒட்டும் கடை ஒன்று புதிதாக வந்திருக்கிறது. ஷார்ஜா தொழில்பேட்டையில் கடைகள் வருவதையும் போவதையும் யாரும் கவனிப்பதில்லை. ஆனால் பெல்ட்டின் இரண்டு முனைகளையும் சூட்டில் வைத்து அழுத்தி அவர்கள் ஒட்டும் நாட்களில், வேகும் ரப்பரின் வாடை ஏசி வழியாக என் மேசை வரை வந்துவிடுகிறது. மற்றவர்கள் மூக்கைச் சுளித்துவிட்டு வேலையைத் தொடர்கிறார்கள். நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன். வெளியே வாடை இன்னும் அதிகம் என்று தெரிந்தும்தான்.

இறந்தவர்களோடு பேசுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. நீங்கள் இருந்தபோதும் நமக்குள் போய்வந்தவை கோட்டேஷன்களும் அவற்றைப் பற்றிய போன் பேச்சும்தான். ஆனால் உங்களைப் பற்றி இப்போது சொல்லப்படும் கதை சரியில்லை. அதைச் சரியாகத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவரான நீங்கள் போய்விட்டீர்கள். அதனால் எழுதுகிறேன்.

ராஸ் அல் கைமாவின் அந்தக் கல்குவாரியில் நீங்கள் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ்களை விற்கும் கம்பெனியில், எந்த இடத்துக்கு எது பொருந்தும் என்று தேர்ந்தெடுத்துக் கொடுப்பது என் வேலை. முதல் தடவை போன் செய்தபோது மோட்டாரின் சக்தியை மட்டும் சொல்லி, அதே அளவில் ஒரு டிரைவ் வேண்டும் என்றீர்கள். இங்கே எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள். நான் வழக்கம்போலக் கேட்க ஆரம்பித்தேன். அது எதை ஓட்டுகிறது, எங்கே வைக்கப்போகிறீர்கள், அந்த அறையில் ஏசி உண்டா, உண்டென்றால் அது வேலை செய்கிறதா, தூசி எவ்வளவு, மோட்டார் வரை கேபிள் எவ்வளவு நீளம்.

"பொண்ணு பாக்க வந்தவங்ககூட இவ்வளவு கேக்க மாட்டாவ மேடம்," என்றீர்கள்.

"அவங்க கேக்காம விட்டதாலதான் சார் பாதி வீட்டுல பிரச்சினை," என்றேன்.

சிரித்தீர்கள். தூத்துக்குடிப் பேச்சு உங்களுக்கு இத்தனை வருஷ வளைகுடா வாழ்க்கைக்குப் பிறகும் மாறவே இல்லை. அன்றிலிருந்து உங்கள் ஆட்களிடம் எனக்குக் 'கேள்வி மேடம்' என்று பெயர் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன்.

கேள்விகளுக்குப் பதில் சொல்ல நேரில் வரச் சொன்னீர்கள். மலைபோலக் குவித்திருந்த உடைத்த கல். அந்தக் குவியலுக்கு அடியில் ஒரு கான்கிரீட் சுரங்கம். மேலிருந்து கல் விழ விழ, சுரங்கத்துக்குள் ஓடும் பெல்ட் அதை வெளியே கொண்டுவந்து போடுகிறது. சிந்திய கல்லை அள்ளவும், பெல்ட்டைத் தாங்கும் உருளைகள் தேய்ந்தால் மாற்றவும் ஆட்கள் உள்ளே போவார்கள். ஒரு முனையில் இருந்த பெரிய ஃபேன்தான் அவர்களுக்கு மூச்சு. அதற்குத்தான் டிரைவ்.

வாசலோரம் இருந்த எலக்ட்ரிக்கல் அறையில் ஏசி அனல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கேட்லாக்கில் எழுதியிருக்கும் சக்தி நாற்பது டிகிரி வரைக்கும்தான். ஆகஸ்ட் மாதத்து ராஸ் அல் கைமாவை நினைத்து அதை யாரும் அச்சடிக்கவில்லை. அதனால் ஓர் அளவு பெரியதாக எடுக்க வேண்டும் என்றேன். நீங்கள் ஒத்துக்கொண்டீர்கள். பிறகு சுரங்கத்தின் வாயில் நின்றுகொண்டு, வேறெந்த வாடிக்கையாளரும் என்னிடம் கேட்காத ஒன்றைக் கேட்டீர்கள்.

"இது சூடாச்சுன்னா என்ன பண்ணும்?"

"ட்ரிப் ஆகி நின்னுடும். தன்னைக் காப்பாத்திக்கும்."

"அப்போ உள்ள ஆள் இருந்தா?"

எல்லா டிரைவும் முதலில் தன்னைத்தான் காப்பாற்றிக்கொள்ளும். சூடு, மின்னழுத்தம், அதிக பாரம், எதுவானாலும் நின்றுவிடும். அதை ஒரு குணமாகச் சொல்லித்தான் நாங்கள் விற்கிறோம். புகை வெளியேற்றும் ஃபேன்களுக்காக மட்டும் இன்னொரு ஏற்பாடு உண்டு. ஒரு சுவிட்சைத் திருப்பினால் டிரைவ் தன் பாதுகாப்புகள் எல்லாவற்றையும் மறந்துவிடும். எரிந்து போகும்வரை ஓடும். ஆனால் அதைத் திருப்பிய கணத்தோடு வாரண்டி போய்விடும். இதைச் சொன்னேன்.

"போகட்டும். அது மெஷின் மேடம். அதுக்கு வீட்டுல யாரும் காத்துக்கிட்டு இல்ல," என்றீர்கள்.

டிரைவையே விலக்கி மோட்டாரை நேராக லைனில் ஓட்டும் பைபாஸும் வேண்டும் என்று அன்று பிடிவாதம் பிடித்தீர்கள். அந்த ஃபேனுக்கும் அந்த லைனுக்கும் அது சரிவராது, பிரேக்கர் விழுந்துவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். கொஞ்சம் கோபத்தோடு விட்டுக்கொடுத்தீர்கள். உங்களுக்கு எல்லாம் தெரியும் என்று இப்போது பேசுகிறார்களே, அதற்காகச் சொல்கிறேன்.

உங்கள் பர்ச்சேஸ் ஆட்கள் சின்ன அளவையே வாங்கினார்கள். சுவிட்சை மட்டும் நீங்கள் சண்டை போட்டுக் காப்பாற்றினீர்கள். சுரங்க வாயில் ஒரு சிவப்புப் பெட்டி, அதற்குள் சுவிட்ச். இயக்கிப் பார்க்க நான் வந்த அன்று அந்தப் பெட்டியில் ஒரு பூட்டுத் தொங்கியது. சாவி எங்கே என்று கேட்டேன். உங்கள் பிளான்ட் மேனேஜர், நல்ல மனிதர்தான், ஹிந்தியில் பொறுமையாக விளக்கினார். யாராவது லேபர் விளையாட்டுக்குத் திருப்பிவிட்டால் வாரண்டி கலாஸ், தீர்ந்துபோகும், அதனால் சாவி தன் மேசை டிராயரில் இருக்கும் என்றார். இது பூட்டக்கூடாத பெட்டி என்று எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்கள். பூட்டும் அங்கேயே இருந்தது.

"ஆம்புலன்ஸ வாங்கி ஷெட்டுக்குள்ள பூட்டி வச்ச கதைதான்," என்று என்னிடம் தமிழில் சொல்லிவிட்டு, அவரிடம் "அச்சா சார்" என்றீர்கள்.

தீப்பிடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோடையின் உச்சத்தில். ஓர் உருளை சுழலாமல் இறுகி, அதன்மேல் உரசிய பெல்ட் எரிய ஆரம்பித்திருக்கிறது. உள்ளே மூன்று பேர். ஃபேன் ஓடும்வரை அவர்கள் காற்று வரும் திசையைப் பார்த்து நடந்து வந்திருக்கிறார்கள். அந்த அறையின் சூட்டில் டிரைவ் ட்ரிப் ஆனது. புகை இரண்டு பக்கமும் திரும்பியது. ஆபீஸ் பூட்டியிருந்தது. மேனேஜர் துபாயில்.

நீங்கள் உடனே பூட்டை உடைத்ததாக உங்கள் ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதுகிறார்கள். ஒரு நொடி யோசிக்காதவர், வீரர், இன்னும் என்னென்னவோ. உங்கள் படத்துக்குக் கீழே மெழுகுவர்த்தி எரிகிறது. ஆனால் நீங்கள் யோசித்தீர்கள். முதலில் மேனேஜருக்குப் போன் செய்தீர்கள். அவர் எடுக்கவில்லை. மறுபடி செய்தீர்கள். டூப்ளிகேட் சாவி இருக்கிறதா என்று செக்யூரிட்டியிடம் கேட்டீர்கள். "மாஃபி," இல்லை என்று கையை விரித்தார் அவர். அதன் பிறகுதான் ஸ்பேனரை எடுத்தீர்கள். உடைத்துத் திருப்பினீர்கள். ஃபேன் ஓடியது. இரண்டு பேர் நடந்து வந்தார்கள். மூன்றாமவரை நீங்களும் இன்னொருவரும் போய்த் தூக்கிவந்தீர்கள். கோரக்பூர் பக்கத்துக்காரர், நம் வயதுதான் இருக்கும். ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். நீங்கள் வெளியே வந்த பிறகும் டிரைவ் ஓடிக்கொண்டிருந்தது, பிறகு வெடித்து நின்றது.

இது எல்லாவற்றையும் நீங்கள்தான் என்னிடம் சொன்னீர்கள். யாரும் கேட்காமல்.

போலீஸ் விசாரணை தனியாக நடந்தது. அவர்களுக்கு உருளை ஏன் இறுகியது என்பதுதான் கேள்வி. எரிந்த டிரைவைப் பார்த்து ரிப்போர்ட் எழுத எங்கள் கம்பெனி என்னை அனுப்பியது. மேனேஜர் எனக்கு டீ வரவழைத்துக் கொடுத்து மெதுவாகச் சொன்னார். டிரைவிலேயே பழுது இருந்தது என்று எழுதிவிடுங்கள், உங்கள் கம்பெனி புதியது கொடுக்கும், ஹெட் ஆபீஸ் என் ஆளைக் கேள்வி கேட்காது, எல்லோருக்கும் நல்லது. அவர் உங்களைக் காப்பாற்ற நினைத்தார் என்றே இன்றும் நம்புகிறேன். பூட்டையும் சேர்த்துக் காப்பாற்ற நினைத்தார் என்றும் நம்புகிறேன். ஷார்ஜாவுக்குப் போன் செய்தேன். எங்கள் மேலாளர்கூட, "தயாரிச்சவங்ககிட்ட நான் பேசிக்கிறேன், நீங்க முடிவு பண்ணுங்க," என்றார். அந்தப் பொய் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

நீங்கள் என் காரில் வந்து உட்கார்ந்தீர்கள். குரல் கரகரத்துப் போயிருந்தது. துவைத்த சட்டைதான், ஆனாலும் ரப்பர் வாடை அடித்தது.

"என்ன எழுதப் போறீய?"

"இன்னும் முடிவு பண்ணல சார்."

"பழுதுன்னு எழுதச் சொல்லிருப்பாரே."

"சொன்னார். அப்படி எழுதினா உங்க வேலை போகாது."

"என் வேலை போகாது. சரி. ஆனா ஆபத்துல இந்த டிரைவு வேலைக்கு ஆகாதுன்னு ஊரெல்லாம் பேரு வந்துரும். இந்த சுவிட்ச வாங்கி வச்சிருக்கவன்லாம் கழட்டி எறிஞ்சிருவான். வாங்காதவன் இனிமே வாங்க மாட்டான். அது பழுதாகல மேடம். ஓடச் சொன்னோம், ஓடிச்சு. வேலைய முடிச்சுட்டுத்தான் செத்துச்சு. அத எழுதுங்க."

"அதை எழுதினா, சுவிட்சைத் திருப்பினது யாருன்னும் எழுதணும்."

"நான்தான திருப்புனேன். வேற எவனாவது வந்து திருப்புனானா?"

கார்க் கதவைத் திறந்துகொண்டே, "பூட்டையும் எழுதுங்க. நான் போன போட்டுக்கிட்டு நின்னதையும் எழுதுங்க," என்றீர்கள்.

"இது டிரைவ் பத்தின ரிப்போர்ட் சார்."

"அப்போ அதுக்கு அதுல இடமில்ல, என்னா?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனீர்கள்.

நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் பழுது என்றே எழுதியிருப்பேனோ என்னவோ. சொன்ன பிறகு முடியவில்லை. டிரைவில் குறை இல்லை, சிபாரிசு செய்ததைவிடச் சிறிய அளவு வாங்கப்பட்டது, அவசர சுவிட்ச் பூட்டப்பட்டிருந்தது, பூட்டை உடைத்து இன்னார் திருப்பினார், அதன் பின் டிரைவ் தன் எல்லையைத் தாண்டி ஓடி எரிந்தது. பூட்டைப் பற்றிய வரியை எடுக்கச் சொன்னார்கள் குவாரிக்காரர்கள். எடுக்கவில்லை. ஆனால் படிக்கிறவர்கள் தங்களுக்கு வேண்டிய வரியைத்தான் படித்தார்கள். கம்பெனிச் சொத்தைச் சேதப்படுத்தியதாகச் சொல்லி உங்கள் விசாவை ரத்து செய்தார்கள். அந்த ரிப்போர்ட்டுக்காக நான் உங்களிடம் வருத்தம் தெரிவித்ததில்லை. இப்போதும் தெரிவிக்கவில்லை. இன்று கேட்டாலும் அதையேதான் எழுதுவேன். அது உங்களுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

ஊருக்குப் போனீர்கள். சில மாதம் கழித்து ஓமானில், சோஹாரில் ஒரு கான்ட்ராக்டரிடம் வேலைக்கு வந்திருப்பதாகப் போன் செய்தீர்கள், பழைய பதவி இல்லை, ஃபோர்மேன். "கேள்வி மேடம், இங்க ஒரு பம்பு இருக்கு, டிரைவ் வேணும். எல்லா பதிலையும் ரெடியா வச்சிருக்கேன், கேளுங்க," என்றீர்கள். கேட்டேன். நடுவில் ஒருமுறை பேச்சை நிறுத்திவிட்டு, "முதல் தடவையே உடச்சிருக்கணும்," என்றீர்கள். பம்பைப் பற்றிச் சொல்வதாக நினைத்துவிட்டேன். அந்தப் பூட்டைச் சொல்கிறீர்கள் என்று பிறகு புரிந்தது. கேபிள் நீளம் எவ்வளவு என்று கேட்டேன். சொன்னீர்கள்.

அந்த டிரைவ் போய்ச் சேர்ந்த வாரத்தில் உங்கள் ரூம்மேட் அழைத்தார். காலையில் டியூட்டிக்கு எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. இதயம் என்று எழுதினார்களாம். அந்தப் புகைதான் காரணம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்குத் தெரியாது. நீங்கள் நிறைய சிகரெட் பிடித்தீர்கள், மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல முடிச்சுப் போட என்னால் ஆகாது.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நீங்கள் பயந்தீர்கள். ஒரு பூட்டை உடைக்க அனுமதி தேடினீர்கள். இங்கே வேலை செய்கிற எல்லோரும் அப்படித்தான் செய்திருப்போம். அதன் பிறகு உடைத்தீர்கள். அதை நம்மில் பலர் செய்திருக்க மாட்டோம். வீரர் என்று சொல்லி முதல் பாதியை அழித்துவிடுகிறார்கள். அழித்துவிட்டால் அந்தப் பூட்டு அங்கே ஏன் தொங்கியது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

போன வாரம் ஃபுஜைராவிலிருந்து ஒரு பர்ச்சேஸ்காரர் பேசினார். நம் ஆள்தான், சேலம் பக்கம். அங்கேயும் கல்குவியலுக்கு அடியில் ஒரு சுரங்கம், ஒரு ஃபேன்.

"மேடம், அந்த எமர்ஜென்சி ஆப்ஷன எடுத்துட்டு ஒரு கோட்டேஷன் அனுப்புங்க. வாரண்டி பிரச்சினை வருதுங்க."

"டனலுக்குள்ள யார் போவாங்க?"

"லேபர்தாங்க மேடம்."

"ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை பேர்? உள்ள போனா எவ்வளவு நேரம் இருப்பாங்க?"

"அதுக்கும் டிரைவுக்கும் என்னங்க மேடம் சம்பந்தம்?"

"சைட்டுக்குப் போய்க் கேட்டுட்டு வாங்க. அப்புறம் அனுப்புறேன்."

அவர் கொஞ்சம் சிரித்தார். பிறகு, கேட்டுச் சொல்கிறேன் என்றார். இந்த ஆர்டர் போய்விடும் என்கிறார் எங்கள் மேலாளர். அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். சேலத்துக்காரர் அந்தச் சுரங்கத்துக்குப் போய்க் கேட்பார் என்ற நம்பிக்கை எனக்கும் இல்லை. இதற்குள் கேள்வி கேட்காத யாரிடமாவது வாங்கியிருப்பார்.

நான் இன்னும் கோட்டேஷனை அனுப்பவில்லை.